பெயர் சொல்லிக் கூப்பிடாத அலுவலகம்

நான் வேலை பார்த்த பிரதேச செயலகத்தில் அண்மையில் ஒரு கூட்டம் நடந்தது. பொதுமக்களின் சொந்த விபரங்களை அரசாங்கம் எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று புதிதாக வந்திருக்கும் சட்டத்தை உத்தியோகத்தர்களுக்கு விளங்கப்படுத்தும் கூட்டம். ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் ஒலிவாங்கியை என் கையில் திணித்து, "அந்த நாள்ல எப்படிப் பாதுகாத்தீங்க காக்கா, ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்றார். வயதில் மூத்தவர்களை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காது. ஸலாம் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் நலன்புரிச் சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்று ஒரு தங்கச்சி சொன்னார். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

ஆனால் என்ன எழுதுவது? நாங்கள் பாதுகாத்தோமா இல்லையா என்பதே எனக்குத் தெளிவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். விளங்கியவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.

இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றிய பெயர்கள். ஊர், கல்முனையை ஒட்டிய கரையோர ஊர்களில் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். முக்கியமாக வரும் பெண் ஒரு சாப்பாட்டுப் பொருள் செய்து விற்றார். அதை இடியப்பம் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்போது உயிரோடு இல்லை. எழுதலாமா என்று உரியவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கடற்கரையில் மீன் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த என்னை அலுவலகத்தில் தற்காலிகச் சிற்றூழியராகச் சேர்த்துவிட்டார்கள். தேத்தண்ணி ஊற்றினேன், பைல் தூக்கினேன், சைக்கிளில் கடிதம் கொண்டுபோனேன். கடித உறைகளில் இருந்த விலாசங்களை வாசித்து வாசித்துத்தான் என் எழுத்து வாசிப்பு திருந்தியது. சில வருடங்களில் நிரந்தரமாக்கினார்கள். பிறகு பதிவறைப் பூட்டின் திறப்பும் என்னிடம் வந்தது. முழங்கால் நோவினால் ஐம்பத்தைந்திலேயே ஓய்வு எடுத்துக்கொண்டேன். என் உத்தியோகம் அவ்வளவுதான்.

அந்த நாட்களில் கொடுப்பனவுகளை அலுவலகத்துக்கு அழைத்துக் கையில்தான் கொடுப்பார்கள். ஆட்களுக்கு எப்படி அறிவிப்பது? பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான். முதல் நாள் அஸர் தொழுகைக்கு முன் நான் பெயர்களைக் கொண்டுபோய், பாங்கு சொல்லும் மோதினாரிடம் கொடுப்பேன். தொழுகை முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பார். ஜனாஸா அறிவித்தலும் அதில்தான், காணாமல் போன ஆட்டுக்குட்டியும் அதில்தான், அரசாங்கமும் அதில்தான். பெயர் சொல்லி வாசிக்காவிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள். "எண்ட பேரு வாசிக்கல்லயே" என்று மறுநாள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே பெயரை ஊருக்கே கேட்கும்படி வாசிப்பது நாங்கள் செய்யும் நல்ல வேலை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒருமுறை புதிதாக வந்த எழுதுவினைஞர் ஒருவர் பெயர்களுக்கு மேல் தலைப்புகளையும் போட்டுத் தட்டச்சுச் செய்துவிட்டார். முதியோர், விதவைகள், காசநோய் என்று. மோதினாருக்கு எதையும் விட்டு வாசித்துப் பழக்கமில்லை. தலைப்போடு சேர்த்தே வாசித்தார். மறுநாள் காலை தச்சுவேலை செய்யும் முஸ்தபா காக்கா அலுவலக வாசலில் நின்றார். சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

"தம்பி ஜப்பார், இனி எனக்கு லேசு. ஒவ்வொரு ஆளுக்கும் நான் சொல்லத் தேவல்ல. நீங்களே ஊருக்குச் சொல்லிப்போட்டீங்க."

"காக்கா, அது ஒரு பிழையால..."

"பிழை எண்டு ஆரு சொன்ன? நோய் இரிக்கிதானே. காலயில எண்ட பொஞ்சாதி பக்கத்து வீட்ட தண்ணி வாங்கப் போயிருக்கா. முத்தத்திலயே நிக்கச் சொல்லி வாளியக் கொண்டந்து குடுத்திருக்காங்க. எவ்வளவு மரியாத பாருங்க."

அதற்குப் பிறகு அவருக்குக் கதவு, ஜன்னல் வேலை கிடைக்கவில்லை. நற்பிட்டிமுனைப் பக்கம் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் இருந்து வேலை செய்ததாகக் கேள்வி.

அந்தச் சம்பவத்துக்குப் பின் சமூக சேவை உத்தியோகத்தராக வந்தவர் தவமணி மிஸ். பாண்டிருப்புப் பக்கத்து ஆள். மெலிந்தவர், சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். நான் தேத்தண்ணியோடு அறைக்குள் போனால்கூட, மேசையில் விரித்திருக்கும் கடதாசியை முதலில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கோப்பையை வாங்குவார். ஆரம்பத்தில் எனக்கு அது கொஞ்சம் மனவருத்தமாக இருந்தது. அதே பைலை நான்தானே தூக்கிக்கொண்டு வந்து கொடுக்கிறேன்? ஒருநாள் அவரே சொன்னார்.

"ஜப்பார், உங்கள நம்பாம இல்ல. கைக்கு ஒரு பழக்கம் வேணும். ஆள் பாத்துக் கவுக்கத் தொடங்கினா ஒருநாள் மறந்திருவன்."

ஒலிபெருக்கியில் இனிப் பெயர் போகக்கூடாது, திகதி மட்டும் போதும் என்றார். வரிசையில் நிற்பவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்றார். அப்படியென்றால் எப்படிக் கூப்பிடுவது? தாள் கிழிக்காமல் அலுவலகச் சுவரில் தொங்கிய பழைய நாட்கலண்டர்கள் என்னிடம் சேர்ந்து கிடந்தன. அவற்றில் ஒரு மாதத்துத் தாள்களைக் கிழித்து, வருகிறவருக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொன்னார். உள்ளே இருந்து, "பதினேழாம் திகதி வரலாம்" என்று கூப்பிடுவார். வெளியே நீண்ட மர வாங்கில் குந்தியிருப்பவர்களில் பதினேழாம் திகதித் தாள் வைத்திருப்பவர் எழுந்து போவார். உள்ளே போனவர் முதியவரா, விதவையா, நோயாளியா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு கரைச்சல் வந்தது. நாட்கலண்டரில் கிழமையும் இருக்குமல்லவா? எங்கள் சனத்துக்கு வெள்ளிக்கிழமைத் தாள்தான் வேண்டும்.

"எனக்கு வெள்ளிக்கிழம தாங்க மகன், செவ்வாய்க்கிழமய எவளுக்காச்சும் குடுங்க" என்று ஒரு மாமி. "நீ என்ன ஜும்ஆவுக்கா போகப்போற? தந்ததோட இரிகா" என்று பக்கத்தில் இருந்த இன்னொரு மாமி. வெள்ளிக்கிழமை வைத்திருப்பவர் கடைசியாக வந்தாலும் முதலில் விடவேண்டும் என்று ஒருநாள் வாக்குவாதம். மிஸ் உள்ளே இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு ஜன்னலால் தெரிந்தது. மறுமுறை தாள்களில் கிழமை இருக்கும் அடிப்பகுதியைக் கத்தரித்துவிட்டு இலக்கத்தை மட்டும் கொடுத்தேன்.

இனி, அக்கா முறை சொல்லி நாங்கள் ராத்தா என்று கூப்பிட்ட ஹலீமாவின் விடயத்துக்கு வருகிறேன்.

அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்காது. கணவர் விட்டுப் போனவர். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சந்தைப் பக்கத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் விடியலில் இடியப்பம் கொடுப்பார். அவருடைய இடியப்பம் மெல்லிசு. சொதியில் போட்டாலும் கரையாது. அவருக்குத் தொழுநோய் வந்து, மாத்திரை குடித்து முழுதாகச் சுகமாகியிருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. கேட்பவர்களுக்கு ஆவியில் வெந்துபோனது என்று சொல்லி வைத்திருந்தார். அந்த நோய் வந்தவர்களுக்கு அரசாங்கம் ஒரு கொடுப்பனவு கொடுக்கும். அது அவருக்குக் கிடைத்தால் மகளின் படிப்புச் செலவுக்கு ஆகும். ஆனால் எந்த நோய்க்காக வாங்குகிறார் என்று ஒரு ஆளுக்குத் தெரிந்தாலும் மறுநாள் அவருடைய இடியப்பத்தை வாங்க ஒரு வீடும் இருக்காது.

"மிஸ், கலண்டர்த் துண்டோட அந்த வாங்குல நான் குந்த மாட்டன்" என்றார் ஹலீமா ராத்தா. "வாங்குல குந்தினாலே ஏன் குந்தினா எண்டு கேப்பாங்க. எனக்கு வயசும் இல்ல, நான் விதவையும் இல்ல. மறுகா எண்ட கையப் பாப்பாங்க."

"ஜப்பார வீட்ட அனுப்பட்டா?"

"அல்லாஹ்வே! ஆபீஸ் சைக்கிள் எண்ட வாசல் கடப்படியில நிண்டா அதுக்கு வேற கத கட்டுவாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மிஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "கொடுப்பனவு நாளில எங்களுக்கு இடியப்பம் கொண்டு வாங்க" என்றார்.

அப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. மாதத்தில் அந்த ஒரு நாள் அலுவலகத்தில் எல்லோருக்கும் காலைச் சாப்பாடு ஹலீமா ராத்தாவின் இடியப்பம். உத்தியோகத்தர்கள் தங்கள் கையாலேயே காசு சேர்த்து வாங்குவார்கள். ராத்தா கூடையோடு வருவார், வாங்கில் இருப்பவர்களைத் தாண்டி நேரே மிஸ்ஸின் அறைக்குப் போவார், கதவைச் சாத்திக்கொண்டு கையெழுத்து வைப்பார், வெறும் கூடையோடு வெளியே வருவார். பார்க்கிறவர்களுக்கு அவர் இடியப்பம் விற்க வந்தவர். அலுவலகத்தில் உண்மை தெரிந்தவர்கள் மிஸ்ஸும், பிரதேச செயலாளரும், பைல் தூக்கிய நானும்தான்.

முதல் தடவை தட்டு என் முன்னால் வந்தபோது என் கை தயங்கியது. மிஸ் அதைக் கண்டுவிட்டார். தன்னுடைய தட்டில் எடுத்து, சம்பலோடு பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். பிறகு மெதுவாக, "மாத்திர குடிச்சு முடிச்ச ஆளுட்ட இருந்து ஒண்டும் ஒட்டாது ஜப்பார், டொக்டரே சொன்னவர்" என்றார். நானும் சாப்பிட்டேன். இரண்டாம் மாதம் நான் அதை யோசிக்கவும் இல்லை.

சில காலம் ஒரு சிக்கலும் இல்லாமல் போனது. சிக்கல் ஆதம்லெப்பைக் காக்காவின் உருவத்தில் வந்தது.

அவர் அலுவலக வாசல் படலைக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். பொல்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளம் வந்த ஒரு வருடம் நிவாரண அரிசியில் கைவைத்த ஒருவரை, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது ஊரிலேயே அதிகம் சந்தோசப்பட்டவரும் அவர்தான். எந்த அலுவலகத்திலும் எதையும் கேட்கலாம், அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளங்கப்படுத்துவார்.

அவர் கல்லாவில் இருந்தபடி மாதா மாதம் ஒன்றைக் கண்டிருக்கிறார். ஒரு பெண் கூடையோடு வருகிறாள், மிஸ்ஸின் அறைக்குள் போகிறாள், கதவு சாத்துகிறது, வெளியே வரும்போது முந்தானையில் எதையோ முடிகிறாள். இடியப்பம் விற்ற காசுக்கு எதற்குக் கதவு சாத்துவது? அவருடைய விண்ணப்பம் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தது. அலுவலகத்தில் இடியப்பம் எந்தச் செலவில் வாங்கப்படுகிறது, ஒரே ஆளிடம் வாங்கக் காரணம் என்ன, விலை கோரப்பட்டதா? இதுவரை படித்து எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றது. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கொடுப்பனவு வழங்கப்படுகிறதா, ஆம் எனில் எந்தத் தகுதியில்?

பிரதேச செயலாளர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். எங்களை என்றால் மிஸ்ஸை, என்னைப் பைல்களோடு.

"மிஸ், பதிலக் குடுத்து முடிங்க. சட்டம் குடுக்கச் சொல்லுது."

"சேர், சொந்த விபரம் குடுக்கத் தேவையில்ல எண்டும் அதே சட்டத்தில இருக்கு."

"குடுக்காட்டி என்ன சொல்லுவான்? மறைக்கிறாங்க, கள்ளம் எண்டு சொல்லுவான். பேஸ்புக்கில போடுவான். உங்கட பேர்தான் போகும்."

"போகட்டும் சேர்."

"அரச காசு வாங்குற ஆக்கள்ற பேர பலகையில ஒட்டச் சொல்லி எங்களுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கு, தெரியுமா? ஆட்சேபனை இருந்தா ஊர் சொல்லட்டும் எண்டு."

"நோயாளர்ர விபரத்த வெளியில விடக்கூடாது எண்டும் வந்திருக்கு சேர்."

இரண்டு சுற்றறிக்கைகளும் என் கையில்தான் இருந்தன. இரண்டிலும் அரச இலச்சினை. ஒன்று ஒட்டச் சொல்கிறது, மற்றது மூடச் சொல்கிறது. எதை முதலில் மேசையில் வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டு வெளியே வந்தேன். இன்றைக்கும் எனக்கு அது பிடிபடவில்லை. களவைப் பிடிக்க எல்லாம் வெளியில் தெரிய வேண்டும். ஒரு மனிசி தன் பாட்டில் உழைத்துச் சாப்பிட எல்லாம் மறைந்திருக்க வேண்டும். இரண்டும் அரசாங்கத்தின் கடமை என்றால் ஒரே நாளில் இரண்டையும் எப்படிச் செய்வது?

கடைசியில் மிஸ் எழுதிய பதில்தான் போனது. இடியப்பம் ஊழியர்களின் சொந்தக் காசில் வாங்கப்படுகிறது. தனி ஒருவரின் கொடுப்பனவு பற்றிய விபரம் தர இயலாது. கடிதத்தை நான் கொண்டுபோனேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆதம்லெப்பைக் காக்கா அதைச் சத்தமாக வாசித்தார்.

"தர இயலாதாம்! கேட்டீங்களாடாப்பா? இயலாதெண்டா ஏதோ இரிக்கி. ஒண்டும் இல்லாட்டி இல்ல எண்டுதானே எழுதணும்?"

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. மறைத்ததே காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஜப்பார், நீ பைல் தூக்கிறவன். நீ சொல்லு. என்ன நடக்குது உள்ளுக்க?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதே காக்கா."

"வாசிக்கத் தெரியாதவன் எப்பிடிடா வருஷக்கணக்கா சரியான வீட்டுக்குக் கடிதம் குடுக்கிறாய்?"

கடை முழுக்கச் சிரித்தது. "சைக்கிளுக்கு வாசிக்கத் தெரியும் போல" என்று ஒருவர் மூலையில் இருந்து சொன்னார். நான் வியர்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் விடவில்லை. மேன்முறையீடு செய்யப்போவதாகவும், விசாரணை வந்தால் அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றும் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். பொதுவெளியில் மிஸ்ஸைப் பற்றிய கதையும் கிளம்பியது. இடியப்பக்காரியின் பெயரில் மிஸ்தான் காசு எடுக்கிறார் என்றார்கள். மிஸ் வழமைபோல் கடதாசிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஆனால் தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

அடுத்த கொடுப்பனவு நாளில் ஹலீமா ராத்தா கூடையில்லாமல் வந்தார். கையில் ஒரு கடிதம். கொடுப்பனவு தனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

"இது உங்கட உரிமை" என்றார் மிஸ். "எனக்காக விடாதீங்க. நான் சமாளிப்பன்."

"உங்களுக்காக மட்டும் இல்ல மிஸ். விசாரணைக்குக் கூப்பிட்டா நான் என்னத்தச் சொல்ற? எண்ட மகளுக்கே நான் சொல்லல்ல. நாளைக்கு அவளுக்கு ஒரு மாப்பிள்ள பேசணும். காசு இல்லாம இரிக்கலாம். இடியப்பம் போனா என்ன செய்ற?"

மிஸ் அந்தக் கடிதத்தை வாங்கவே மாட்டேன் என்பதுபோல் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாங்கினார். அப்போதுதான் ராத்தா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அப்ப எண்ட பேரு இரிக்கிற கடதாசியெல்லாம் தந்திருங்க மிஸ். அடுப்புல போட்டுட்டு நிம்மதியா இரிக்கன்."

"அது தர ஏலாது. அரச ஆவணம்."

"காசத்தான் வேணாண்டு சொல்லிப்போட்டனே. மறுகா எண்ட நோய் ஏன் உங்கட றாக்கைத் தட்டுல கிடக்கணும்?"

"கணக்காய்வுக்கு வைச்சிருக்க வேணும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

மிஸ் கடிதத்தைப் பைலுக்குள் வைத்தார். "சரியா எனக்கே தெரியாது" என்றார்.

அந்தப் பைலை நான் பதிவறையில் ஆக உயரத் தட்டில், ஒருவரும் தொடாத காணிப் பைல் கட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன். மிஸ் கோமாரிப் பக்கம் இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார். கொடுப்பனவு நின்றுவிட்டது என்று எப்படியோ அறிந்த ஆதம்லெப்பைக் காக்கா மேன்முறையீட்டைக் கைவிட்டார். ஒரு களவை நிறுத்திவிட்டதாக அவர் மனதார நம்பினார். அவருடைய கடைக்கு ஹலீமா ராத்தாதான் இடியப்பம் கொடுத்தார். நான் ஒருநாள் அங்கே போனபோது அவர் இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே, "பாவம், அவ நல்ல மனிசி. அந்த மிஸ்தான் அவவப் பாவிச்சிருக்கா. நான் நல்லதுக்குத்தான் செஞ்சன் ஜப்பார்" என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். என்ன சொல்ல முடியும்? சொல்லக்கூடியது ஒன்று இருந்தது. அதைத்தான் சொல்லக்கூடாது.

பிறகு நானும் ஓய்வு பெற்றேன். திறப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தேன். ஒருநாள் காலையில் ஹலீமா ராத்தா என் வீட்டுப் படலையில் நின்றார். மெலிந்திருந்தார். சீனி வருத்தம் வேறு.

"ஜப்பார், எண்ட மகள் ஷிபானாவுக்குப் பட்டதாரிப் பயிலுனர் வேல கிடைச்சிரிக்கி. உங்கட ஆபீஸ்லதான்."

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல விசயம் ராத்தா."

"என்ன நல்ல விசயம்? பழைய பைலெல்லாம் ஸ்கேன் பண்ணிக் கொம்பியூட்டர்ல ஏத்துறாங்களாம். அந்த வேலைய எண்ட மகள்ட குடுத்திரிக்காங்க."

நான் அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"ஊருக்குத் தெரிஞ்சாலும் இப்ப நான் தாங்குவன்" என்றார். "நான் பெத்தது எண்ட பிளேட்டத் தள்ளி வெச்சிட்டா தாங்க மாட்டன். ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்க. அவள் கண்டிட்டாளா எண்டு மட்டும் சொல்லுங்க."

போனேன். பதிவறையில் இப்போது குளிரூட்டி பூட்டியிருந்தார்கள். ஷிபானா இயந்திரத்துக்கு முன்னால் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொன்னாள். நான் சுகம் விசாரித்தேன், மழை பற்றிச் சொன்னேன், காணிக் கட்டுகள் இருந்த மேல்தட்டைப் பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது.

"சாச்சா, உம்மா அனுப்பினாவா?"

எனக்குப் பொய் சட்டென்று வராது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் கண்டிட்டன் சாச்சா. போன கிழம. காசு வேணாண்டு உம்மா எழுதின கடிதமும் அதுல இரிக்கி. அது நான் ஓ.எல். சோதினை எழுத இருந்த வருஷம். அந்த வருஷந்தான் உம்மா எண்ட கணித ட்யூஷன நிப்பாட்டினா. ஏன் எண்டு கேட்டன், ‘ஏலாது’ எண்டு மட்டும் சொன்னா. நான் கோவத்துல மாசக்கணக்கா உம்மாவோட கதைக்கல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் கண்டது உம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா எண்ட முன்னால கையக் காட்டிச் சாப்பிட மாட்டா. சத்தியம் பண்ணுங்க சாச்சா."

"பைல என்ன மகள் செய்யப் போறீங்க?"

"அதான் தெரியல்ல. ஏத்தாட்டி எண்ட வேல பிழை. ஏத்தினா எந்த ஆபீஸ்ல எவன் இருந்து பாப்பானோ. சேர்ட்ட கேக்கப் போனா ஏன் கேக்கிறீங்க எண்டு பைலத் திறப்பார்."

மிஸ்ஸுக்கு வந்த அதே சிக்கல், இப்போது ராத்தாவின் சொந்த மகளுக்கு. நான் அவளுக்கு ஒரு வழியும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவும் இல்லை. கடைசியில் அந்தப் பைலை என்ன செய்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். தாய் கேட்கிறார், மகளுக்குத் தெரியுமா என்று சொல். மகள் கேட்கிறாள், தெரியும் என்று சொல்லாதே. விபரம் ஒன்று, அதற்குச் சொந்தக்காரி தாய். அவருடைய விபரம் யாரிடம் இருக்கிறது என்று அறிய அவருக்கு உரிமை இருக்கிறதுதான். ஆனால் அந்தப் பதில் மகளுடைய மனதுக்குள்ளும் இருக்கிறது. அது மகளுக்குச் சொந்தம். இதற்கு எந்தச் சுற்றறிக்கையை எடுப்பது?

ஹலீமா ராத்தா தன்னுடைய வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தார். இடியப்ப உரல் கழுவிக் கவிழ்த்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்க, நான் வேலியைப் பார்த்தேன்.

"என்னண்டு? கண்டிட்டாளா?"

"பைல் பத்திரமா இரிக்கி ராத்தா."

"ஆர்ட்ட இரிக்கி?"

"அரசாங்கத்திட்ட."

அவர் மடங்கிய விரல்களை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த அரசாங்கம் ஒருத்தருக்கும் சொல்லாதா, ஜப்பார்?"

நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன்.

"ஓம் ராத்தா. சொல்லாது" என்றேன்.